ஆங்கிலம் எழுதப் பழகும் பிள்ளைகள்: வாசகர் கேள்வி – பதில்

பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலம் எழுதப் பழகுவது குறித்துக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சேலம் நகரிலிருந்தும் ஏற்காட்டைச் சுற்றியுள்ள சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்தும் வந்தவை. அந்த ஊர்ப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் என்பதால் பதில் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லோரையும் ஊரைக் கொண்டே குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். ஆங்கிலக் கட்டுரையை மனப்பாடமாக ஒரு பக்கம் எழுதிவிடுகிறான், மதிப்பெண்ணும் வருகிறது. சென்ற மாதம் என் தம்பியின் திருமணத்துக்காக இரண்டு நாள் விடுப்பு எடுக்க வேண்டியிருந்தபோது, விடுப்புக் கடிதத்தில் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். ஏன் பொய் எழுதினாய் என்று கேட்டால், 'எனக்குக் காய்ச்சல் லெட்டர்தான் தெரியும்' என்கிறான். நாங்கள் தறி நெய்கிறவர்கள். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: அம்மா, உங்கள் மகன் பொய் சொல்ல நினைத்து அப்படி எழுதவில்லை, உங்களிடம் அவன் சொன்னது முழு உண்மை. 'ஆஸ் ஐ யம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கும் அந்த ஒரே கடிதத்தைத்தான் நம் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்து வருகிறார்கள். அக்காவின் திருமணம், தாத்தாவின் கண் அறுவைச் சிகிச்சை, குலதெய்வக் கோயில் பூசை என்று எதற்காக விடுப்பு எடுத்தாலும் எழுதித் தருவது காய்ச்சல்தான். முழுக் கடிதத்தையும் ஒரே கட்டியாக அவர்கள் கையில் கொடுத்த ஆசிரியர்களாகிய நாங்கள், அதில் எந்தச் சொல் எதற்காக நிற்கிறது, எதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைக்கலாம் என்பதைச் சொல்லித் தரத் தவறிவிட்டோம்.

இதை இன்று மாலையே சரிசெய்யத் தொடங்கலாம். அந்தக் கடிதத்தை அவன் நோட்டில் எழுதட்டும். காரணம் சொல்லும் பகுதியின் கீழ் மட்டும் கோடு போடட்டும். பிறகு, உங்கள் வீட்டில் உண்மையிலேயே விடுப்புக்குக் காரணமாகக்கூடிய ஐந்து செய்திகளைத் தமிழில் உங்களிடம் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றையும் அந்தக் கோடு போட்ட இடத்தில் ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கட்டும். 'ஆஸ் மை அங்கிள் இஸ் கெட்டிங் மேரிட்' என்று ஒருமுறை தன் கையால் மாற்றி எழுதிவிட்ட பிள்ளைக்கு, கடிதம் என்பது பிரித்துப் பூட்டக்கூடிய ஒன்று என்பது விளங்கிவிடும். அவன் பிழையோடு எழுதினாலும் அந்த ஐந்து கடிதங்களை நான் மனப்பாடமாக எழுதிய ஒரு பக்கக் கட்டுரையைவிட மேலாக மதிப்பேன்.

கட்டுரைக்கும் இதே வழிதான். நல்ல வாக்கியங்களை மனப்பாடம் செய்வதில் குற்றமில்லை. நல்ல வாக்கியம் பத்து தெரிந்திருந்தால் பதினொன்றாவதைத் தானே எழுத அது கைகொடுக்கும். ஆனால் ஒரு பக்கத்தை முழுதாக மனப்பாடம் செய்து இறக்கிவைப்பதை எழுதுதல் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எழுதுகிறவனிடம் சொல்வதற்குச் செய்தி ஒன்று இருக்க வேண்டும். படிப்பவருக்கு அது தெரியாததாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டிலேயே அப்படிப்பட்ட செய்தி நிறைய இருக்கிறது. பாவு எது, ஊடை எது, நாடா எப்படி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடுகிறது, தார் சுற்றுவது யார், ஒரு சேலை முடிய எத்தனை நாள் ஆகிறது என்பதெல்லாம் உங்கள் மகனுக்குத் தெரியும். அவனுடைய ஆங்கில ஆசிரியருக்குத் தெரியாமல் இருக்கலாம். தறிக்கு 'லூம்', பாவுக்கு 'வார்ப்', ஊடைக்கு 'வெஃப்ட்', நாடாவுக்கு 'ஷட்டில்' என்ற நான்கு சொற்களை மட்டும் அவன் அகராதியில் பார்த்துக்கொண்டு, நாளுக்கு ஐந்து வாக்கியம் எழுதட்டும். சேலம் வெண்பட்டைப் பற்றி ஒரு நெசவாளர் வீட்டுப் பிள்ளை எழுதும் ஐந்து வாக்கியங்கள் எந்த கைடிலும் கிடைக்காதவை.

கேள்வி: நான் ஏற்காட்டுக்கு அருகில் ஒரு மலைக் கிராமத்தில் இருக்கிறேன், ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். வீட்டில் எங்கள் மலைத் தமிழ்தான் பேசுவோம். ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் தமிழில் யோசித்துவிட்டுத்தான் மாற்றி எழுதுகிறேன். 'தமிழில் யோசிக்காதே, ஆங்கிலத்திலேயே யோசி' என்கிறார்கள். அது எப்படி என்று புரியவில்லை. எழுதுவதெல்லாம் தவறாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு மாணவி, ஏற்காடு

பதில்: மகளே, தமிழில் யோசிப்பதை நீங்கள் நிறுத்த வேண்டியதில்லை, நிறுத்தவும் முடியாது. இத்தனை ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்த பிறகும், மனத்தைத் தொடும் எதையும் நான் தமிழில்தான் நினைக்கிறேன். ஆங்கிலத்திலேயே யோசி என்பது பயிற்சிக்குப் பின் தானாக வரும் நிலையைப் பயிற்சிக்கு முன்பே கேட்பதாகும். உங்களுக்கு இப்போது வேண்டியது, தமிழ் வாக்கியம் எப்படி நிற்கிறது, ஆங்கில வாக்கியம் எப்படி நிற்கிறது என்ற தெளிவு மட்டுமே. தமிழை நன்றாக அறிந்தவர்க்கு அந்தத் தெளிவு விரைவில் கிடைக்கும்.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 'நேற்று ஏரிக்கரையில் ஒரு குரங்கு என் வாழைப்பழத்தைப் பிடுங்கியது.' இதில் எப்போது, எங்கே, யார், எதை, என்ன செய்தது என்ற வரிசையில் செய்தி வருகிறது. ஆங்கிலத்தில் இதையே 'எ மங்கி ஸ்னாட்ச்டு மை பனானா நியர் தி லேக் எஸ்டர்டே' என்று எழுதுவோம். அங்கே வரிசை யார், என்ன செய்தது, எதை, எங்கே, எப்போது என்று அமைகிறது. 'யார்' என்பதை முன்னே எடுத்து வைத்துவிட்டால், மீதி நான்கும் தமிழில் இருந்ததற்கு நேர் தலைகீழாக நிற்பதைக் கவனியுங்கள். ஒரு வாரம், நாளுக்கு மூன்று தமிழ் வாக்கியங்களை எழுதி, ஒவ்வொரு பகுதியின் மேலும் இந்தக் கேள்விச் சொற்களை எழுதிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் அடுக்கிப் பாருங்கள். நம் பிள்ளைகளின் ஆங்கில வாக்கியங்கள் குழம்புவதற்கு முதற்காரணம் இந்த வரிசைதான். இது கைவந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

அடுத்தது, தமிழில் வினைச்சொல்லே ஆளைக் காட்டிவிடுகிறது. 'சந்தைக்குப் போனேன், மிளகு விற்றேன்' என்றால் போனதும் விற்றதும் நான் என்பது 'ஏன்' என்ற விகுதியிலேயே தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தின் 'வென்ட்' யார் போனார் என்று சொல்லாது. நான் போனாலும் அவர்கள் போனாலும் அது 'வென்ட்'தான். அதனால் ஒவ்வொரு முறையும் ஆளை எழுதியே ஆக வேண்டும். ஆள் இல்லாத இடத்திலும் அந்த இடத்தைக் காலியாக விட ஆங்கிலம் சம்மதிப்பதில்லை. 'குளிராக இருக்கிறது' என்று உங்கள் ஊரில் நாளுக்குப் பத்து முறை சொல்வீர்கள். அதில் யார், எது என்ற கேள்விக்கே இடமில்லை. ஆங்கிலத்தில் அதற்கும் 'இட் இஸ் கோல்ட்' என்று ஒரு 'இட்'டைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

நாம் எழுதும் சில வாக்கியங்களைச் சுட்டிக்காட்டித் தவறு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவை ஏன் அப்படி வருகின்றன என்று சொல்வதில்லை. 'எனக்கு இரண்டு அண்ணன்கள் இருக்கிறார்கள்' என்பதை 'ஐ யம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்று எழுதுகிறோம். தமிழில் 'படிக்கிறாள்' என்ற ஒரே வடிவம், இந்த நேரத்தில் படித்துக்கொண்டிருப்பதையும் வழக்கமாகப் படிப்பதையும் குறிக்கும்; ஆங்கிலம் இரண்டுக்கும் இரண்டு வடிவங்களை வைத்திருக்கிறது. அண்ணன்கள் இருப்பது இந்த நேரத்தில் நடந்துகொண்டிருக்கும் செயல் அல்ல. ஆகவே 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்' போதும். 'அவர்தான் சொன்னார்' என்பதில் உள்ள 'தான்' நம்மை 'ஹி ஒன்லி டோல்டு' என்று எழுதவைக்கிறது. 'நேற்றே வந்துவிட்டேன்' என்பதில் உள்ள ஏகாரம் 'எஸ்டர்டே இட்செல்ஃப்' என்று எழுதவைக்கிறது. நாம் ஓர் எழுத்தில் கொடுக்கும் அழுத்தத்தை ஆங்கிலம் பெரும்பாலும் குரலில் கொடுக்கிறது. எழுத்தில் வேண்டுமென்றால் 'இட் வாஸ் ஹி ஹூ டோல்டு மி' என்று வாக்கியத்தையே மாற்றிப் போடும். இவையெல்லாம் தமிழின் நுட்பம் ஆங்கிலத்தில் இடம் தேடுவதால் வரும் பிழைகள். இவற்றுக்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

'எ', 'தி' இரண்டும் எங்கே வரும் என்பது எல்லோரையும் வருத்தும் கேள்வி. இதற்கும் தமிழில் ஒரு கைப்பிடி இருக்கிறது. 'புத்தகம் வாங்கினேன்' என்பதற்கும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதற்கும் வேறுபாடு என்ன என்று யோசியுங்கள். முதலாவதில் ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவதில் உங்களுக்கும் எனக்கும் தெரிந்த, முன்பே பேசிய புத்தகம். பெரும்பாலும் முதலாவது இடத்தில் 'எ' வரும், இரண்டாவது இடத்தில் 'தி' வரும். இது எல்லா இடங்களுக்கும் பொருந்தும் விதி அல்ல. ஆனால் தொடங்குகிறவருக்கு வேறு எந்த விளக்கத்தைவிடவும் இது உதவுவதை வகுப்பில் கண்டிருக்கிறேன்.

'இல்' என்ற ஒரே உருபு வீட்டில், மேசையில், பேருந்து நிறுத்தத்தில் என்று எல்லா இடத்துக்கும் பொருந்துவதால் 'இன்', 'ஆன்', 'அட்' மூன்றும் நமக்குக் குழப்பமாகின்றன. இதை விதியாகப் படிப்பதைவிட, பாடத்தில் வரும் தொடர்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் அப்படியே சேர்த்து எழுதிவருவது பயன் தரும்.

கேள்வி: ஓமலூர் வட்டாரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஏழாம் வகுப்பில் 42 பிள்ளைகள். வாரம் ஒரு பத்தி எழுதவைத்தால்கூடத் திருத்தி முடிப்பதற்குள் அடுத்த வாரம் வந்துவிடுகிறது. திருத்திக் கொடுத்தாலும் அதே பிழைகள் திரும்ப வருகின்றன. சில பிள்ளைகள் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள்.
– ஓர் ஆசிரியை, ஓமலூர்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தபோது, பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் நான் செய்த ஒரு தவறு நினைவுக்கு வந்தது. தன் பாட்டி இறந்துபோன இரவைப் பற்றி ஒரு மாணவி முக்கால் பக்கம் எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் 19 இடங்களில் வட்டம் போட்டு, கடந்த கால வினைகளைச் சரியாகப் படிக்கும்படி கீழே எழுதிக் கொடுத்தேன். பாட்டியைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. அந்த ஆண்டு முழுவதும் அவள் கைடிலிருந்து பார்த்து எழுதிய வாக்கியங்களை மட்டுமே எனக்குக் காட்டினாள். அந்த நோட்டில் அதன் பிறகு பிழையே இல்லை. அது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

அதன் பிறகு நான் கடைப்பிடித்த முறையைச் சொல்கிறேன். பிள்ளை எழுதியதைப் படித்ததும், முதலில் செய்திக்கு ஒரு வரி பதில் எழுதுங்கள். 'உன் ஆட்டுக்குட்டிக்கு என்ன பெயர்?' என்ற அளவில் எளிய ஆங்கிலத்தில் ஒரு கேள்வி போதும். அதற்குப் பதில் எழுதுவதற்காகவே அடுத்த நாள் அவன் இன்னும் இரண்டு வாக்கியம் எழுதுவான். திருத்தத்தைப் பொறுத்தவரை, ஒரு வாரத்துக்கு ஒரே வகைப் பிழையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் ஆளை விட்டுவிட்டு எழுதும் பிழை என்றால், அதை மட்டும் கோடிட்டுக் காட்டிவிட்டு மற்றவற்றைத் தொடாமல் விடுங்கள். எல்லாப் பிழைகளையும் ஒரே நாளில் காட்டினால் பிள்ளை எதையும் பார்ப்பதில்லை என்பதால்தான் அதே பிழைகள் திரும்ப வருகின்றன. நாளுக்கு ஒன்பது நோட்டு என்று வைத்துக்கொண்டால் ஐந்து நாளில் 42 நோட்டும் உங்கள் கண்ணில் பட்டுவிடும்.

சொல்வதை எழுதும் டிக்டேஷன் பயிற்சியைச் சற்று மாற்றிச் செய்து பாருங்கள். ஐந்தாறு வாக்கியமுள்ள ஒரு பத்தியை இயல்பான வேகத்தில் இரண்டு முறை வாசியுங்கள். பிள்ளைகள் அதை முழுவதும் எழுத முடியாது. காதில் விழுந்த முக்கியச் சொற்களை மட்டும் குறித்துக்கொள்வார்கள். பிறகு நான்கு நான்கு பேராக உட்கார்ந்து, அந்தச் சொற்களிலிருந்து பத்தியைத் தாங்களே கட்டி எழுத வேண்டும். கடைசியில் மூலப் பத்தியைக் கரும்பலகையில் எழுதிவிட்டால், எங்கே 'தி' விட்டுப்போனது, எங்கே காலம் மாறியது என்று அவர்களே கண்டுபிடித்துச் சண்டைபோடுவார்கள். அந்த வகுப்பில் நீங்கள் திருத்த வேண்டியது 11 தாள்கள் மட்டும்.

தனியே எழுதிப் பழக விரும்பும் பிள்ளைக்கு, பெஞ்சமின் பிராங்கிளின் தம் தன்வரலாற்றில் சொல்லியிருக்கும் வழியைச் சொல்லுங்கள். 1706இல் பாஸ்டன் நகரில் ஒரு மெழுகுவத்தி வியாபாரியின் மகனாகப் பிறந்த அவர், இரண்டே ஆண்டுகள் பள்ளிக்குப் போனார். 12 வயதில் அண்ணனின் அச்சுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தமக்குப் பிடித்த ஓர் ஆங்கில இதழின் கட்டுரைகளைப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக எழுதி, சில நாள் ஒதுக்கி வைத்துவிட்டு, குறிப்புகளை மட்டும் பார்த்துத் தம் சொற்களில் கட்டுரையைத் திரும்ப எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் தம் பிழைகளைத் தாமே திருத்திக்கொண்டார். ஆசிரியர் இல்லாமலே எழுத்தைக் கற்க இதைவிட நல்ல வழியை நான் அறியவில்லை. நம் பாடநூலின் ஒரு பத்தியைக் கொண்டே இதைச் செய்யலாம்.

எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அப்போது விடுபட்டதை ஈடுசெய்யவே 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. மேல் வகுப்பிலும் இப்படிப் பின்தங்கும் பிள்ளையைத் தனியே அழைத்து, ஏதாவது ஒரு செய்தியைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அதை மூன்று எளிய ஆங்கில வாக்கியங்களாக நீங்கள் எழுதிக் கொடுங்கள். தன் செய்தி என்பதால் அதைப் படித்துவிடுவான். மறுநாள் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு சொல்லை மட்டும் மாற்றி எழுதட்டும்.

கேள்வி: ஆங்கிலத்தில் 'புட்' என்பதற்கும் 'பட்' என்பதற்கும் நடுவில் ஒரே 'யு'தான் இருக்கிறது, ஏன் வேறு வேறாகச் சொல்கிறோம் என்று என் மகன் கேட்கிறான். நான் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன், பதில் தெரியவில்லை.
– ஒரு தந்தை, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: நல்ல கேள்வி கேட்கும் மகன். நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பு அந்த இரண்டு சொற்களிலும் ஒரே உகரம்தான் ஒலித்தது. பிறகு தென் இங்கிலாந்தின் பேச்சில் அந்த உகரம் பல சொற்களில் அகரத்தை நெருங்கியது. பெரும்பாலும் உதட்டைக் கொண்டு சொல்லும் எழுத்துகளுக்குப் பின்னால், சில சொற்களில் உகரம் அப்படியே நின்றுவிட்டது. 'புட்', 'ஃபுல்' போன்றவை அந்த வகை. வட இங்கிலாந்தின் பல பகுதிகளில் இன்றும் 'கப்' என்பதை ஏறத்தாழ 'குப்' என்றே சொல்கிறார்கள்.

பேச்சு மாறியபோது எழுத்து மாறாமல் போனதற்கு அச்சும் ஒரு காரணம். வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சுக்கூடத்தை நிறுவினார். அச்சில் ஏறிய எழுத்துமுறை சிறிது சிறிதாக நிலைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் ஆங்கில நெடில் ஒலிகள் பெருமளவில் இடம் மாறின. இன்று 'நேம்' என்று சொல்வது அன்று 'நாம' என்பதுபோல ஒலித்தது. எழுத்து அந்தப் பழைய ஒலியையே இன்னும் காட்டுகிறது. கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' என்ற சொல்லின் முதலில் ஒலிக்காமல் நிற்கும் 'கே' ஒருகாலத்தில் ஒலித்ததுதான். கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் உள்ள ஊமை 'பி' மட்டும் வேறு வகை. அந்தச் சொல்லின் லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் பிற்காலத்து அறிஞர்கள் அதை நுழைத்தார்கள்.

தமிழ்ப் பிள்ளைக்கு இன்னொரு தடையும் உண்டு. நமக்கு 247 எழுத்துகள் இருந்தாலும் 'பம்பரம்' என்ற சொல்லில் முதல் பகரமும் இரண்டாவது பகரமும் வேறு வேறு ஒலியில் வருவதை நாம் கவனிப்பதில்லை. இடத்தைப் பொறுத்து ஒலி தானாக மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த இரண்டு ஒலிகளுக்கும் தனித்தனி எழுத்து. இந்தப் பக்கத்தில்கூட அந்த இரண்டு எழுத்துகளின் பெயரையும் 'பி' என்றே அச்சிட வேண்டியிருக்கிறது. ஆகவே எழுதச் சொல்லும்போது உங்கள் மகன் சொல்லை வாய்விட்டுச் சொல்லி, தொண்டையில் கைவைத்து அதிர்வு இருக்கிறதா என்று பார்த்து எழுதட்டும். சொற்களைத் தனித்தனியாகப் படிக்காமல், 'நைட்', 'லைட்', 'ரைட்' என்று ஒரே எழுத்துக்கூட்டு உள்ளவற்றைச் சேர்த்துப் படித்தால் மனத்தில் நிற்கும்.

கேள்வி: ஆங்கிலத்தைச் சேர்த்தெழுதும் கையெழுத்தில்தான் எழுத வேண்டுமா? என் மகள் தனித்தனி எழுத்தாக எழுதுகிறாள்.
– ஒரு தந்தை, கன்னங்குறிச்சி

பதில்: தனித்தனி எழுத்தே போதும். தெளிவாகவும், தேர்வு நேரத்துக்குள் முடிக்கும் வேகத்திலும் எழுதினால் சரி. வேகம் வரவில்லை என்றால் மட்டும் சேர்த்தெழுதப் பழக்குங்கள். எழுத்துகள் கோட்டுக்கு மேலும் கீழும் அலைந்தால், பெரிய வகுப்பாயிற்றே என்று தயங்காமல், இன்னும் ஒரு மாதம் நாலு கோடு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: கைப்பேசியில் தமிழில் கேட்டால் ஆங்கிலக் கட்டுரையே எழுதிக் கொடுத்துவிடுகிறது; பிழையும் திருத்துகிறது. அதைப் பயன்படுத்திப் பழகலாமா?
– பிளஸ் டூ மாணவர், ஆத்தூர்

பதில்: எழுதிய பிறகு பயன்படுத்துங்கள்; எழுதுவதற்கு முன் வேண்டாம். நீங்கள் எழுதிய பத்து வரியைக் கைப்பேசி திருத்திக் கொடுத்தால், அது மாற்றிய ஒவ்வொரு இடத்தையும் உங்கள் நோட்டில் இரண்டு நெடுவரிசையாக, நான் எழுதியது, அது எழுதியது என்று கையால் எழுதுங்கள். ஏன் மாற்றியது என்று உங்களுக்கு விளங்காத மாற்றங்களை ஆசிரியரிடம் கொண்டுபோங்கள். சில மாற்றங்கள் தேவையற்றவையாகவும் இருக்கும். உங்கள் ஊரையும் வீட்டையும் பற்றிய செய்தியை அது எல்லோருக்கும் பொதுவான வாக்கியமாக மழுக்கிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் உங்கள் வாக்கியத்தையே வைத்துக்கொள்ளுங்கள். முழுக் கட்டுரையையும் அதையே எழுதச் சொன்னால் தேர்வறையில் உங்கள் கையில் எதுவும் இருக்காது.

கேள்வி: நானும் என் கணவரும் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறோம். ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. மகள் ஆறாம் வகுப்பு. டியூஷனுக்கு அனுப்ப வேண்டுமென்றால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்குத்தான் போக வேண்டும். ஆங்கிலம் தெரியாத நாங்கள் அவளுக்கு எப்படி உதவுவது? இந்தக் கடிதத்தை அவள்தான் எழுதுகிறாள்.
– ஒரு தாய், ஏற்காடு மலைக் கிராமம்

பதில்: அம்மா, உங்கள் மகளின் தமிழ்க் கடிதம் பிழையில்லாமல், சொல்ல வந்ததை நேராகச் சொல்கிறது. இப்படி எழுதத் தெரிந்த பிள்ளை ஆங்கிலமும் எழுதிவிடுவாள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். டியூஷன் இல்லை என்று வருந்தாதீர்கள். மாலையில் அவள் எழுதிய ஆங்கில வாக்கியங்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்; பிறகு 'இது என்ன சொல்லுது?' என்று கேளுங்கள். தமிழில் அவள் விளக்கும்போது, உங்களுக்கு விளங்காத இடத்தில் 'அப்புறம்?' என்று கேளுங்கள். அந்த 'அப்புறம்?' அவளை இன்னொரு வாக்கியம் எழுதவைக்கும். தான் எழுதியதன் பொருளைச் சொல்ல முடியாமல் அவள் தடுமாறினால், அது பார்த்து எழுதியது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

உங்களுக்கு ஆங்கிலமே தெரியாது என்று எழுதியிருப்பதை நான் முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். சேலத்தின் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பார்கள். அன்று முதல் தோட்ட வேலையோடு ஆங்கிலச் சொற்களும் உங்கள் பேச்சில் கலந்திருக்கின்றன. எஸ்டேட், நர்சரி, பல்பர், லோடு, செக்ரோல், ரைட்டர், சில்வர் ஓக் என்று நாள்தோறும் நீங்கள் சொல்லும் சொற்களை உங்கள் மகள் காதால் கேட்டு வளர்ந்திருக்கிறாள். அவற்றின் எழுத்தைத்தான் அவள் இனிப் பார்க்க வேண்டும். உர மூட்டையிலும் மாத்திரை அட்டையிலும் பேருந்துப் பலகையிலும் இருக்கும் ஆங்கிலச் சொற்களை நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். ஏற்காட்டு நூலகத்தில் அவளை உறுப்பினராகச் சேர்த்து, படம் போட்ட சிறிய ஆங்கிலப் புத்தகங்களை எடுத்துவரச் சொல்லுங்கள்.

பழம் பறிக்கும் மாதங்களில் நீங்கள் செய்யும் வேலையை வரிசையாக அவளிடம் சொல்லுங்கள்: பழுத்ததைப் பறிப்பது, மூட்டையை எடை போடுவது, பல்பரில் தோலை நீக்குவது, கழுவுவது, களத்தில் காயவைப்பது, மழை வந்தால் ஓடிப்போய் மூடுவது. ஒரு வேலைக்கு ஒரு வாக்கியமாக, நாளுக்கு ஒன்று அவள் எழுதினால் போதும். ஆறு நாளில் ஆறு வாக்கியம் சேர்ந்ததும் அவற்றை ஒரு தாளில் எழுதி, இந்தப் பகுதிக்கு அனுப்பச் சொல்லுங்கள். திருத்தி அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.